அடைப்பு வாடகை

எங்கள் திட்ட அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. படிக்கிறவர்கள் எல்லோரும் அந்த வரிக்கு வந்ததும் நின்றுவிடுவார்கள். போன மாதம் மறைமலை நகரில் ஒரு கம்பெனியின் ஏசி அறையில் உட்கார்ந்திருந்தபோதும் அதுதான் நடந்தது. சமூக நலப் பணத்தைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி சின்ன வயசுக்காரர், மரியாதையானவர். மாத்திரைச் செலவைப் படித்தார், நர்ஸ் சம்பளத்தைப் படித்தார், வேன் டீசலைப் படித்தார், தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். 'அடைப்பு வாடகை' என்ற வரியில் விரலை வைத்து, இது என்ன மேடம் என்றார். சொன்னேன். மூடநம்பிக்கைக்கெல்லாம் கம்பெனி பணம் தராது, இந்த ஒரு வரியை எடுத்துடுங்க, மிச்சத்தை நான் பாஸ் பண்ண வைக்கிறேன் என்றார்.

எடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த காபியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்து வந்தேன். பணம் வரவில்லை. வராததில் எனக்கு வருத்தம் உண்டு, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அந்த வரி எப்படி உள்ளே வந்தது என்று தெரிந்தால் நீங்களும் எடுத்திருக்க மாட்டீர்கள்.

நான் நர்ஸாக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள். ரிட்டயர் ஆகி மேற்குத் தாம்பரத்தில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, என்னோடு வேலை பார்த்த டாக்டர் ஒருவர் கூப்பிட்டார். பெரிய ஆஸ்பத்திரிகளில் இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை, வீட்டுக்குக் கொண்டு போங்க என்று அனுப்பிவிடுகிறார்களே, அந்த நோயாளிகளை அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கலாம் என்றார். வலியைக் குறைப்பது, புண்ணைக் கட்டுவது, கடைசி வரை கூட இருப்பது. இவ்வளவுதான் வேலை. பணப் பொறுப்புக்கு பேங்கில் ஆபீசராக இருந்து ரிட்டயர் ஆன ஒருவர் சேர்ந்தார். வேனும் டிரைவரும் கிடைத்தார்கள். முடிச்சூர், மணிமங்கலம் தாண்டி, படப்பைக்கு உள்ளே பஸ் போகாத ஊர்கள் வரைக்கும் போனோம்.

எங்கள் வேனில் போர்டு கிடையாது. ஆரம்பத்தில் இருந்தது. 'புற்றுநோய்' என்ற வார்த்தையோடு வண்டி ஒரு வாசலில் நின்றால், அடுத்த வாரம் அந்த வீட்டுக்காரர்கள் வீடு தேடிக்கொண்டிருப்பார்கள் என்று தெரிந்தது. டிரைவர்தான் ஒரு நாள் சுரண்டி எடுத்தார். அதற்கப்புறம் தெருமுனையிலேயே வண்டியை விட்டுவிட்டு, காய்கறிப் பையில் மருந்தையும் பஞ்சையும் போட்டுக்கொண்டு நடந்து போவேன். கேட்டால் சொந்தக்காரி என்பேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்தாலும் எங்கள் கனவு ஒரு கட்டடம்தான். பத்துப் படுக்கை, சுற்றி வேப்பமரம், ஒரு பிரார்த்தனை அறை. வரைபடம்கூடப் போட்டுவிட்டோம். சர்ச்சில் கேட்டோம், கோயில் கமிட்டியில் கேட்டோம், பெருங்களத்தூர் அபார்ட்மென்ட்காரர்களிடம் கேட்டோம். கட்டடம் என்றால் எல்லோரும் கொடுக்கிறார்கள். கல்லில் பேர் வரும் இல்லையா. பணம் மெதுவாகச் சேர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் அவளைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயசு இருக்கும். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். புருஷன் ஒரு கம்பெனியில் லோடு ஏற்றுகிறவர். படப்பைக்கு உள்ளே ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாக ஆறு போர்ஷன். அதில் மூன்றாவதில் குடியிருந்தார்கள். அவளுக்குக் கர்ப்பப்பையில் புற்று. ஆஸ்பத்திரியில் கைவிட்டுவிட்டார்கள். நான் முதல் நாள் போனபோது, வாடை வெளியே போய்விடுமோ என்று ஜன்னலை அடைத்துக்கொண்டு வெந்துகொண்டிருந்தாள். மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவி, கட்டிலுக்கு அடியில் ஒரு தட்டு நிறையக் காபித்தூளை வைத்தேன். மூன்று நாளில் வாடை அடங்கியது, ஜன்னலைத் திறந்தோம். வலி மாத்திரை பிடித்துக்கொண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி சாவைப் பற்றி இல்லை.

"நர்ஸம்மா, என்னை ரோட்ல போட்டுடுவாங்களா?"

விஷயம் என்னவென்றால், முந்தின வருஷம் கடைசி போர்ஷன்காரர் ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருக்கிறார். உடம்பைக் கொண்டு வந்தபோது வீட்டு ஓனர் கேட்டைத் திறக்கவில்லை. வெளியே ரோட்டோரம் ஒரு பந்தலைப் போட்டு அங்கேயே கிடத்தியிருக்கிறார்கள். மழை வேறு. தண்ணி லாரியும் ஷேர் ஆட்டோவும் சேற்றை வாரி அடித்துக்கொண்டு போனதை இவள் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். சாவதில் அவளுக்குப் பயமே இல்லை. பதினோரு வருஷம் சமைத்து, பெருக்கி, கோலம் போட்ட வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும், அவ்வளவுதான் கேட்டாள்.

நான் பெருமையாக எங்கள் கட்டடத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அங்கிருந்து நேரா சுடுகாடுதானே என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவளுக்கு அதுவும் ஒரு ரோடுதான்.

இங்கேதான் நான் ஒரு தப்புப் பண்ணினேன். யோசித்தால் இன்றைக்கும் என் தலையில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஒளித்து மறைத்துப் போவதைவிட, நேராகப் பேசினால் யாருக்கும் மனசு இளகும் என்று நினைத்து ஓனரிடம் போனேன். ஓனர் ஒரு அம்மா. அறுபதைத் தாண்டியவர். ஒரு காலத்தில் அந்த ஊரில் அவர்கள் குடும்பத்துக்கு நஞ்சை இருந்ததாம். எல்லாம் பிளாட் ஆகிப் போய், பங்கு பிரிந்து, மிஞ்சியது முன்பக்கம் அவர் இருக்கும் வீடும் இந்த ஆறு போர்ஷனும். புருஷன் இல்லை. பையன் எங்கோ இருக்கிறான், எப்போதாவது போன் பண்ணுவான். ஆறு வீட்டு வாடகைதான் சாப்பாடு.

நோயைச் சொன்னேன். உச்சுக் கொட்டினார். அவருக்கு அரைகுறையாகத் தெரிந்துதான் இருந்தது, கஞ்சிகூட கொடுத்தனுப்பியிருக்கிறார். இன்னும் கொஞ்ச நாள்தான் என்றேன். ஏம்மா, எந்தத் தேதி வாக்குல இருக்கும் என்று கேட்டார். பரிதாபத்தில் கேட்கிறார் என்று நினைத்தேன். வார்டில் நான் சொல்லும் கணக்கு தப்பாது என்று எனக்கு ஒரு கர்வம் உண்டு. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மாசக் கடைசி வரைக்கும் தாங்கும், கடைசி வாரம்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் போனதும் அந்த அம்மா காலண்டரைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். கடைசி வாரத்தில் அவிட்டத்தில் ஆரம்பித்து ரேவதி வரைக்கும் ஐந்து நட்சத்திரமும் வரிசையாக வருகிறது. அந்த ஐந்தில் யார் இறந்தாலும் அந்த வீட்டுக்கு அடைப்பு. ஆறு மாசம் பூட்டி வைக்க வேண்டும், யாரும் குடியிருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மறுநாள் காலையில், இருபதாம் தேதிக்குள் வீட்டைக் காலி பண்ணிக்கொடுங்க என்று அவள் புருஷனிடம் சொல்லிவிட்டார். ஊருக்குக் கூட்டிப் போகலாமென்றால் அங்கே இவர்களுக்கு வீடு இல்லை. அந்த உடம்போடு அவ்வளவு தூரம் வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதையும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எனக்கு வந்ததே கோபம்! நேராகப் போய்க் கத்தினேன். எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள், நாளைக்கு உங்களுக்கும் ஒன்று வராதா என்று என்னென்னவோ கேட்டேன். அந்த அம்மா திருப்பிக் கத்தவில்லை. தன் புருஷன் சதயத்தில் போனாரென்றும், சொந்த வீட்டில் அந்த அறையை ஆறு மாசம் பூட்டிவிட்டு அடுப்படியில் பாய் போட்டுப் படுத்ததாகவும் சொன்னார். நீங்க வேற சாமி கும்பிடறவங்க, உங்களுக்கு இது இல்லை, எனக்கு இருக்குதே, நான் என்ன பண்ணட்டும் என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன்.

வண்டியில் ஏறியும் புலம்பலை விடவில்லை. டிரைவர் மணிமங்கலம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார். எங்களைவிட நாலு வீடு அதிகமாக வாடகைக்கு இருந்து பார்த்த மனுஷர் அவர்.

"கோச்சுக்காத சிஸ்டரு. அந்தம்மா இன்னா தப்பா சொல்லிச்சு? ஆறு மாசம் வூட்டைப் பூட்டி வச்சா அது சோத்துக்கு இன்னா பண்ணும்?"

அந்த அம்மா சாமியைப் பற்றிப் பேசினார், நானும் சாமியைப் பற்றியே சண்டை போட்டேன். சோற்றைப் பற்றி இரண்டு பேரும் பேசவே இல்லை. கட்டிலுக்குக் காசு வைத்தோம், மாத்திரைக்கு வைத்தோம், வேப்பங்கன்றுக்குக்கூட வைத்தோம். படுத்திருக்கிற வீட்டுக்கு வைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் டாக்டரின் கிளினிக்கில் உட்கார்ந்தோம். கட்டடப் பணத்திலிருந்து அந்த போர்ஷனுக்கு ஆறு மாச வாடகையை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றேன். பேங்க் ஆபீசர் கண்ணாடியைக் கழற்றினார். செங்கல்லுக்குக் கொடுத்த காசும்மா, கொடுத்தவங்க கேட்டா என்ன சொல்றது என்றார். கொடுத்தவர்கள் ஒவ்வொருவரையும் நானே போய்ப் பார்த்துக் கேட்கிறேன், வேண்டாம் என்கிறவர்களுக்குத் திருப்பிக் கொடுப்போம் என்றேன். டாக்டருக்கு மனசே ஒப்பவில்லை. வாழ்நாள் முழுக்க இந்த மாதிரி விஷயங்களை எதிர்த்துப் பேசியவர் அவர்.

"ஏன் சிஸ்டர், நட்சத்திரத்துக்கா நாம வாடகை கட்டணும்?"

"நட்சத்திரத்துக்கு இல்ல டாக்டர். அவ படுத்திருக்கிற அறைக்கு."

உங்க பென்ஷன்லயே கொடுத்துடலாமேம்மா என்று பேங்க் ஆபீசர் நல்ல மனசோடுதான் சொன்னார். மாட்டேன் என்றேன். இவளோடு முடிகிற விஷயமா இது? தாம்பரத்தைத் தாண்டினால் பாதி ஜனம் வாடகை வீட்டில்தான் இருக்கிறது, அடுத்த மாசம் இன்னொருத்தி படுப்பாள், அவளுக்கும் என் பென்ஷனா என்று கேட்டேன். திட்டத்தில் ஒரு வரியாக எழுதுங்கள், இல்லையென்றால் வரைபடத்தைச் சுருட்டி வைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். மிரட்டல்தான், ஒப்புக்கொள்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிய பிறகு டாக்டர் பேனாவை எடுத்தார். என்ன பேர் போடறது இதுக்கு என்று எரிச்சலோடு கேட்டார். அடைப்பு வாடகை என்றே போடுங்கள் என்றேன்.

அடுத்த நான்கு நாள் படியேறி இறங்கினேன். பெரும்பாலானவர்கள் சரி என்றார்கள். இரண்டு பேர் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒருத்தர் என் எதிரிலேயே சிரித்தார், சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓனர் அம்மாவிடம் எழுதின பேப்பரோடு போனேன். முதலில் என் வாய்த்துடுக்குக்கு மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் விவரம் சொன்னேன். ஐந்து நட்சத்திரத்தில் போனால் ஆறு மாச வாடகை எங்களுடையது. வேறு நாளில் போனால் வெள்ளையடிக்க ஒரு மாச வாடகை. அவள் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும், அங்கிருந்துதான் கிளம்ப வேண்டும். அவர் பேப்பரைத் தொடவில்லை. கையடித்துச் சத்தியம் பண்ணுங்க, உங்க சாமி மேலயே பண்ணுங்க, போதும் என்றார். எங்க சாமி சத்தியமே பண்ணக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், ஆனால் சொன்ன சொல்லில் மாற மாட்டேன், உங்களிடம் எதையும் மறைக்கவும் மாட்டேன் என்றேன். அவர் பேப்பரை வாங்கிப் படிக்காமலே காலண்டர் ஆணியில் குத்தி மாட்டினார்.

விஷயத்தைச் சொன்னபோது அவள் அழுதாள், சிரித்தாள், என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதோடு முடிந்தது என்று நிம்மதியாக இருந்தேன். நான்கு நாள் கழித்துப் போனால், இரண்டு நாளாகக் கஞ்சித் தண்ணிகூடக் குடிக்கவில்லை என்று புருஷன் சொன்னார். பசி நின்றுபோகும் கட்டம் வருவது எனக்குத் தெரியும். ஆனால் இவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். கிட்டப் போய் ஏன் என்று கேட்டேன்.

"அவிட்டம் வர்றதுக்குள்ள போயிடறேன் நர்ஸம்மா. யாருக்கும் செலவு வேணாம்."

அழுதுவிட்டேன். எத்தனையோ சாவு பார்த்தவள், நோயாளி எதிரில் அழுததே இல்லை. அன்றைக்கு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அப்புறம் கோபமும் வந்தது. வாடகைக்கு நாங்க ஆச்சு, உனக்கு என்ன வந்தது, உன் வீட்டில் நீ எத்தனை நாள் இருக்கணுமோ அத்தனை நாள் இரு, யாரும் உன்னை அவசரப்படுத்தவில்லை என்று திட்டினேன். ஸ்பூனில் கஞ்சியை எடுத்து நீட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து வாயைத் திறந்தாள். நான்கு ஸ்பூன் உள்ளே போனது.

மாசக் கடைசியில், ஒரு நாள் காலை எட்டரை மணிக்கு அவள் புருஷன் போன் பண்ணினார். டாக்டரையும் ஏற்றிக்கொண்டு போனோம். முடிச்சூர் ரோட்டில் ஸ்கூல் வண்டிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு போய்ச் சேரும்போது ஒன்பதரை ஆகிவிட்டது. கால் சில்லிட்டிருந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. வலி இல்லை, அதை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன். புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார், நான் கையைப் பிடித்திருந்தேன். பக்கத்து போர்ஷனில் குக்கர் விசில் அடித்தது. பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய்விட்டாள்.

டாக்டர் நாடியைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து, சர்ட்டிபிகேட் எழுதப் பேனாவைத் திறந்தார். வாசல் ஓரம் நின்றிருந்த டிரைவர் என் காதருகில் வந்தார். பத்து மணி சொச்சம் வரைக்கும் திருவோணம்தான், அதுக்கப்புறம்தான் அவிட்டம், காலண்டரில் பார்த்துவிட்டேன், பத்து மணின்னு போட்டா யாருக்கு இன்னா நஷ்டம் என்றார். டாக்டர் காதிலும் அது விழுந்தது. அவர் எழுதவில்லை. பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார்.

சபலம் தட்டவில்லை என்று சொன்னால் அது பொய். எங்கள் பணம் மிச்சம். அந்த அம்மாவுக்கு வீடு பூட்ட வேண்டாம். உள்ளே படுத்திருக்கிறவளும் அதைத்தானே ஆசைப்பட்டாள், பட்டினி கிடந்து பார்த்தாளே. எனக்கோ அந்த நட்சத்திரத்தில் நம்பிக்கையே இல்லை. ஒரு ஐம்பது நிமிஷம்தான். நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

அதற்குள் ஓனர் அம்மா தன் வீட்டுப் பக்கமிருந்து வந்து எதிரில் நின்றார். கையில் காலண்டரோ பேப்பரோ இல்லை, கண் கலங்கியிருந்தது. எத்தனை மணிக்கும்மா என்று என்னைத்தான் கேட்டார், டாக்டரை இல்லை. நம்பிக் கேட்கிறவரிடம் ஒரு முறை பொய்யைச் சொல்லிவிட்டால், இனி இந்தப் பக்கம் எந்த ஓனரிடம் போய் எந்த முகத்தோடு நிற்பது? அதுவும் போக, இவர் பயத்தோடு குடியிருக்கிறவர். பின்னால் தெரிய வந்தால் இவருக்குத் தூக்கம் ஏது?

"பதினொண்ணுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதும்மா," என்றேன்.

அவர் காலண்டரைப் பார்க்கப் போகவில்லை. மனப்பாடமாகத் தெரிந்திருக்கும். அவிட்டம் என்று மட்டும் வாய்க்குள் சொல்லிக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டர் எழுதத் தொடங்கினார். இப்போது மனசு மாறினால் என்னால் என்ன செய்ய முடியும்? பேப்பரைக் காட்டிச் சண்டை போட முடியுமா?

கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். காம்பவுண்டு கேட்டுக்குப் போனார். ஒரு கதவு எப்போதும் திறந்திருக்கும், இன்னொன்றைத் திறந்து நாள் ஆகியிருக்கிறது. தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. ஒரு கல்லை எடுத்துத் தட்டித் தட்டிக் கழற்றி, இரண்டு கதவையும் விரியத் திறந்து வைத்தார். பந்தலை உள்ளே போடச் சொல்லுங்கப்பா என்று குரல் கொடுத்தார்.

ஐந்து போர்ஷன் பெண்களும் வந்தார்கள். அவளைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, அவள் பெட்டியிலிருந்த பச்சைப் புடவையைக் கட்டினோம். பதினோரு வருஷம் அவள் பெருக்கின தரையில், தெற்கே தலை வைத்துக் கிடத்தினோம். சாயங்காலம் நான்கு மணிக்கு அவள் வாசலைத் தாண்டி, திறந்த கேட்டைத் தாண்டி, நான்கு பேர் தோளில் போனாள். அவள் புருஷன் போகும்போது திரும்பி அந்த வாசலைப் பார்த்துவிட்டுப் போனார். ரோட்டில் அவளை ஒரு நிமிஷம்கூட யாரும் இறக்கி வைக்கவில்லை.

பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்று திரும்பிவிட்டோம். போர்ஷன் பெண்கள் வீட்டைக் கழுவித் தள்ளினார்கள். புருஷனின் துணிமணியை மட்டும் எடுத்து வெளியே வைத்தோம். அவர் கூட வேலை செய்கிறவர்களோடு தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. ஓனர் அம்மா ஜன்னலைச் சாத்தி, கதவை இழுத்துப் பூட்டினார். பூட்டை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தார். அப்புறம் சாவியைக் கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"வாடகை குடுக்கறவங்க கையிலதான் சாவி இருக்கணும். ஆறு மாசத்துக்கு இது உங்க வூடும்மா."

"எங்க வீடு இல்லம்மா," என்றேன். "அவ வீடு."

அந்த அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே பூட்டின கதவைப் பார்த்தார். "ஆமா, அவ வூடுதான்," என்றார்.